துஷ்டப் பிள்ளைகளின் சரித்திரம்

1822-ஆம் வருஷம் சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்ரோ, ஜில்லாதோறும் எத்தனை பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன, அவற்றில் எந்தெந்த ஜாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், உபாத்தியாயருக்கு என்ன வரும்படி என்பவற்றையெல்லாம் விசாரித்து எழுதும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு அனுப்பினார். வந்த ஜாபிதாக்களைக் கூட்டிப் பார்த்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். சரித்திரக்காரர்கள் இந்தக் கணக்கைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது கணக்கன்று. பெல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர் 1823-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அனுப்பிய பதிலிலே, எண்களோடு நில்லாமல், பள்ளிக்கூடத்தின் உள்ளே எட்டிப் பார்த்து எழுதி வைத்த சில வரிகளே.

காலையில் முதலாவதாக வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாக ஸரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை என்பதைக் காட்ட ஒரு சுன்னம். மூன்றாமவனுக்கு மெல்லென ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்பால் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக அடி ஏறிக்கொண்டே போகும். இந்தக் கணக்கின்படி முப்பதாவதாக வருபவன் வாங்க வேண்டியது 28. சோம்பேறியென்று பெயரெடுத்தவனை அடிப்பதோடு விடாமல், இரண்டு கைகளையும் கட்டிக் கப்பியினால் கூரையிலே தொங்கவிடுவதும், ஓயாமல் முழங்காலிட்டு எழுந்திருக்கச் செய்வதும் உண்டென்று எழுதிய அந்தத் துரை, பின்னதைப் பற்றி, மிகுந்த அயர்ச்சியும் வலியும் தருவதானாலும் தேகத்துக்கு நல்லதொரு சிக்ஷையாக இருக்கக்கூடுமென்று தம் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டார். தோப்புக்கரணத்தின் தேகநலத்தைப் பற்றி இக்காலத்தில் பிரசங்கம் செய்கிறவர்கள் இவரைத் தங்கள் முன்னோடியாக வைத்துக்கொள்ளலாம்.

கூரையில் தொங்கவிடும் அந்தச் சிக்ஷையைத்தான் நம் தாத்தாக்கள் கோதண்டம் என்று சொல்லிவந்தார்கள். உத்தரத்திலே கயிற்றைப் போட்டுப் பிள்ளையை இரு கைகளாலும் பற்றச் செய்து, கால் தரையில் பாவாதபடி விட்டுவிடுவது. கை ஓய்ந்து இறங்கினால் கீழே பிரம்பு காத்திருக்கும். கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து முகத்தை அண்ணாந்தபடியே இருக்கச் செய்வது அண்ணாந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வராமல் வைக்கோற்போரிலோ கோயில் மடைப்பள்ளிப் பக்கத்திலோ ஒளிந்துகொள்ளும் பிள்ளையை, உபாத்தியாயருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளை நடத்தும் மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை நாலு பேரோடு போய்க் காலும் கையுமாகத் தூக்கிவர, உபாத்தியாயர் அவன் காலில் சங்கிலி போட்டு ஒரு மரக்கட்டையோடு பூட்டிவிடுவார்; அதைத் தோளில் சுமந்துகொண்டுதான் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போக வேண்டும். பெற்றோர்கள் இதைத் தடுத்ததாகக் கேள்விப்படுவதில்லை. பிள்ளையை ஒப்படைக்கும்போதே, கண்ணிரண்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தோலை உரித்தாலும் கேட்க மாட்டோம் என்று வாக்களித்தவர்கள் அவர்களே. அடியாத மாடு படியாது என்ற பழமொழி மாட்டைக் காட்டிலும் பிள்ளையின் காதிலேதான் அதிகமாக விழுந்திருக்கும்.

முப்பதாவதாக வந்தவன் யார் என்று யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் குறை தெரியவரும். எப்போதும் கடைசியில் வருகிறவன் ஒருவனாகவே இருப்பான். அவன் வீட்டிலே தாய் நோயாளியாயிருக்கலாம், அல்லது மாட்டை அவிழ்த்து மேய்ச்சலுக்கு விட்டுவிட்டுத்தான் ஏட்டைத் தொட வேண்டிய குடியாயிருக்கலாம், அல்லது 28 அடியை நினைத்து நினைத்தே அவனுடைய கால் எழாமலிருக்கலாம். காதால் கேட்டு வாயால் முறை சொல்லிக் குழிமாற்று, நெல்லிலக்கம் முதலிய வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய பள்ளியில், காது சற்று மந்தமான பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் விழிப்பான். பார்வை மங்கிய பிள்ளை ஏட்டுக் கீறலைத் தடவிக்கொண்டிருப்பான். இரவெல்லாம் தூங்காத பிள்ளை முறை நடுவிலே தலை சாய்வான். மூவருக்கும் சோம்பேறி, திமிர்க்காரன், துஷ்டன் என்ற பெயர்களுள் ஏதாவதொன்றுதான் வாய்த்தது. பெயர் வந்த பின் சிக்ஷைக்குத் தடையில்லை.

ஆனாலும் இந்தத் திண்ணைப் பள்ளி உபாத்தியாயரைக் கொடியவரென்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதும் அதே தவறுதான். மாதத்துக்குச் சில அணாக்களும் விசேஷ நாட்களில் கொஞ்சம் நெல்லும் காய்கறியுமாகக் காலந்தள்ளியவர் அவர். பிள்ளை ஓடிப்போனால் அவருடைய ஜீவனத்திலும் ஒரு பங்கு ஓடிப்போகும். மேலும் அந்தத் திண்ணையிலே பின்னால் வந்த பள்ளிகளில் இல்லாத ஒரு விவேகம் இருந்தது. அங்கே வகுப்பில்லை, பரீக்ஷையில்லை, தவறியவன் என்ற பட்டமில்லை. ஒருவன் மணலிலே அரிச்சுவடி எழுதிக்கொண்டிருக்க, அவன் பக்கத்திலேயே மற்றொருவன் ஆத்திசூடி சொல்ல, வேறொருவன் கணக்குப் போடுவான். அவரவர் நடைக்கு அவரவர் பாடம். முன்னேறியவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தைக் காம்பெல் துரை மெச்சி, அதை இங்கிலாந்து பின்பற்றியது தகுமென்றும் எழுதினார்.

இங்கிலாந்து அதைப் பின்பற்றிய கதை எழும்பூரில் ஆரம்பிக்கிறது. இன்று ரயில் நிலையம் இருக்கும் பக்கத்தில் அந்நாளில் எழும்பூர்க் கோட்டை என்றொரு சிறு அரண் இருந்தது. அங்கே 1789-இல், கும்பெனிப் பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்களுக்கு இந்நாட்டு ஸ்திரீகளிடம் பிறந்து ஆதரவின்றி நின்ற ஆண் குழந்தைகளுக்காக ஓர் அநாதாசிரமம் ஏற்பட்டது. அதன் மேற்பார்வையைச் சம்பளம் வேண்டாமென்று சொல்லி ஏற்றுக்கொண்டவர், ஸ்காட்லாந்தில் ஸென்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரிலே பிறந்து 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிக் கோட்டையிலிருந்த கனவான்களுக்கும் ஆசிரமத்து உபாத்தியாயர்களுக்கும் ஓர் அபிப்பிராயம் முன்பே திடப்பட்டிருந்தது. பிடிவாதம், பொய், சூது ஆகியவை அவர்களுடைய ரத்தத்திலேயே ஊறியவை. கலப்புப் பிறவிகளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்பது அது. பெல்லும் இந்த எண்ணத்திலிருந்து முழுவதும் விடுபட்டவரல்லர். தாய்மாரைப் பற்றி அவர் எழுதியவை இன்று வாசிக்கக் கூசும். ஆனால் பிள்ளைகள் படியாததற்குக் காரணம் அவர்களுடைய சுபாவமா, தாம் நடத்தும் பாடமா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. இரண்டாவதைத்தான் அவரால் மாற்ற முடியுமாகையால் அதை மாற்றிப் பார்க்கத் துணிந்தார்.

ஒரு நாட்காலையில் குதிரைமேல் போகும்போது, நாட்டுப் பள்ளிக்கூடமொன்றின் முன்னே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுதக் கண்டார். திரும்பி வந்து, அரிச்சுவடி வகுப்புக்கு அதையே செய்யும்படி தம் உபாத்தியாயருக்குச் சொன்னார். அது நடவாத காரியமென்று அந்த மனிதர் சாதித்துவிட்டார். பெரியவர்களிடம் தர்க்கம் செய்து பயனில்லையென்று கண்ட பெல், ஜானி ப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, மணலில் எழுதக் கற்றுக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டார். உபாத்தியாயர் முடியாதென்றதைப் பையன் செய்து காட்டினான். அதன் பின் ஆசிரமம் முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடமாக மாறியது. மணலை நம்மிடமிருந்து கற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். சட்டாம்பிள்ளையைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார். மணலைப் பார்த்த கண்ணுக்கு அதே திண்ணையிலிருந்த சட்டாம்பிள்ளை மட்டும் எப்படித் தெரியாமற் போனானோ!

சிக்ஷை விஷயத்தில் அவர் செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். குற்றங்களை அப்போதைக்கப்போது அடித்துத் தீர்க்காமல் கறுப்புப் புத்தகம் என்று ஒன்றில் எழுதி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எல்லோர் முன்னும் வாசித்து, அவர்களிலிருந்தே பஞ்சாயத்தார் சிலரை உட்காரவைத்துத் தீர்ப்புக் கேட்பார். கோபம் ஆறுவதற்கும், நடந்தது என்னவென்று விசாரிப்பதற்கும் இடையிலே சில நாட்கள் கிடைத்துவிடும். விதித்த தண்டனையையும் பெரும்பாலும் மன்னித்துவிடுவதே வழக்கமாயிற்று. பல மாதங்கள் ஒருவரையும் தண்டிக்க வேண்டிய அவசியமே நேரவில்லையென்று, 1796-இல் ஊர் திரும்பி அடுத்த வருஷம் லண்டனில் வெளியிட்ட அறிக்கையில் அவர் எழுதினார். தம் பெருமையைத் தாமே பேசுகிறவரின் சாக்ஷியத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும், ரத்தத்தில் ஊறியதென்று சொன்ன துஷ்டத்தனம் பாடத்தை மாற்றியவுடன் இவ்வளவு குறைந்ததென்றால், அது ரத்தத்தில் இருந்ததில்லையென்பது தெளிவு.

கடல் கடந்து போன முறை அங்கே வேறு வேஷம் பூண்டது. 1798-இல் லண்டன் பரோ ரோடில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, பிள்ளைகளே கற்பிக்கும் இதே முறையில் நடத்திய ஜோஸப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் மதத்து வாலிபர், பிரம்பைத் தொடுவதில்லையென்று விரதம் பூண்டவர். ஆனால் பிரம்புக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தவை அதனிலும் விபரீதமானவை. கழுத்திலே மரக்கட்டை மாட்டுவது, காலுக்குக் கட்டை பூட்டுவது, குற்றத்தின் பெயரைச் சீட்டில் எழுதி மார்பில் தொங்கவிட்டுப் பள்ளியைச் சுற்றிவரச் செய்வது, இவற்றுக்கெல்லாம் மேலாகப் பிள்ளையைக் கூடையில் வைத்து விட்டத்துக்கு உயர்த்தி மற்றவர்கள் பார்த்துச் சிரிக்க விட்டுவிடுவது. கோதண்டத்தைச் சென்னைப் பக்கத்தில் பெல் விட்டுவிட்டு வந்தார். அவருடைய போட்டிக்காரர் லண்டனில் தாமாகவே அதைக் கண்டுபிடித்துக்கொண்டார். பொய்யன், சோம்பேறி என்ற பெயர்கள் அதுவரை வாயளவில் இருந்தன. அவை சீட்டாகிக் கழுத்தில் ஏறியது அங்கேதான்.

அப்பால் நூறு வருஷம் கழித்து, இந்த வழக்கு பள்ளிக்கூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு மாறியது. 1902-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் சபையில் குழந்தை வைத்தியர் ஜார்ஜ் ஸ்டில் மூன்று பிரசங்கங்கள் செய்தார். பலவகைக் குழந்தைகளை அவர் எடுத்துக்காட்டினார். அவர்களுள் 15 ஆண் பிள்ளைகளும் 5 பெண் பிள்ளைகளும் புத்திக் குறைவில்லாதவர்கள். அப்படியிருந்தும் கணப்பொழுதில் பொங்கும் கோபம், கொடுமை, பொய், திருட்டு, தண்டித்த அடுத்த நாழிகையே அதே குற்றத்தைச் செய்தல் ஆகியவற்றை அவர்களிடம் கண்டார். ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்று அவர் இதற்கு வைத்த பெயர் பழைய பெயர்தான். ஆனால் அடியில் திருத்தமில்லையென்பதையும், சிலருக்கு இது மூளைக்காய்ச்சலுக்கோ டைபாய்டுக்கோ தலைக் காயத்துக்கோ பிறகு வந்ததென்பதையும், நல்ல பெற்றோர் வளர்த்த வீட்டிலும் உண்டென்பதையும் அவர் குறித்துவைத்தார். பாவி என்ற சொல்லின் பக்கத்தில் நோயாளி என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்த அளவில் அவர் நின்றார்.

மீதியை ஒரு கொள்ளை நோய் செய்தது. 1917-இல் வியன்னா நகரத்து வைத்தியர் வான் எகனாமோ விவரித்த உறக்க நோய் பத்து வருஷத்துக்கு மேற்குத் தேசங்களை ஆட்டிவைத்தது. பிழைத்த குழந்தைகளில் பலர் ஆளே மாறிப் போனார்கள். காய்ச்சலுக்கு முன் சாதுவாகவும் சொன்னபடி கேட்பவனாகவும் இருந்தவன், சில வாரங்களில் இரவெல்லாம் விழித்து வீட்டைத் துவம்சம் செய்தான், தங்கையைக் கடித்தான், திருடினான், பிடிபட்டால் அழுது மன்னிப்புக் கேட்டான், கண்ணீர் காய்வதற்குள் மறுபடியும் செய்தான். செய்யக் கூடாதென்று தெரிகிறது, செய்யாமலிருக்க முடியவில்லையென்று சொன்ன குழந்தைகளும் உண்டு. வளர்ப்பையும் குணத்தையும் பரம்பரையையும் காரணம் சொல்லிப் பழகியவர்களுக்கு இங்கே வாயடைத்துப் போயிற்று. அதே பெற்றோர், அதே வீடு, அதே பிள்ளை, நடுவிலே ஒரு காய்ச்சல்.

அதே ஆஸ்திரியாவில் அதே வருஷங்களில், காய்ச்சல் ஒன்றும் இல்லாமலே ஊருக்கு ஆகாமற் போன பிள்ளைகளை ஒருவர் வேறு விதமாகப் பார்த்தார். அவர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன், வியன்னாப் பள்ளி ஆசிரியர். முதல் யுத்தம் முடிந்த 1918-இல் ஓபர்ஹோலாப்ரூன் என்ற ஊரில், அகதிகளுக்காகப் போட்டிருந்த கொட்டகைகளிலே அவர் சீர்திருத்த விடுதி ஒன்றை நடத்தினார். எந்தக் கொட்டகையிலும் அடங்காத பன்னிரண்டு பையன்களை ஒன்றாகச் சேர்த்து, ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி கண்டிக்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம் என்று உடனிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதிலும் வியப்பில்லை. தட்டுகள் பறந்தன, நாற்காலியும் மேஜையும் முறிந்தன, கண்ணாடிச் சன்னல்களை வெறுங்கையால் உடைத்தார்கள், கடைசியில் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டு மூலைக்கொருவராகக் குந்தித் தின்றார்கள். கொட்டகை பாழாயிற்று. ஆனால் உதைத்தால் திருப்பி உதைக்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் வரவேயில்லை. அவர்களுடைய முரட்டுத்தனத்தில் நாளாவட்டத்தில் ஒரு பாசாங்கு கலந்தது. பாசாங்கும் பலிக்காதபோது ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுகைக்குப் பின் ஒரு விதமான சாந்தி வந்தது. அப்போது அவர்களைப் புதிய கொட்டகைக்கு மாற்றி நல்ல சாமான்களைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவராவது அடிபடாமல் வளர்ந்தவரல்லர். அன்பு வேண்டிய வயதில் வசவு வாங்கியவர்கள் என்பதே ஐக்ஹார்னின் முடிவு. 1925-இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை தந்தவர் பிராய்டு. இந்தச் சோதனையை யாரும் வீட்டுக் கூடத்தில் செய்து பார்க்கச் சொல்ல மாட்டேன், பாத்திரம் மிஞ்சாது.

சென்னைக்குத் திரும்புவோம். எழும்பூரில் பெல் ஆரம்பித்து 150 வருஷம் கழிந்த 1939-ஆம் வருஷ முடிவிலே, பிரம்மஞான சபையாரின் அழைப்பின்மேல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிஸோரி அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அவர் பகை நாட்டவராகி, இங்கேயே தங்க நேர்ந்தது. பின்பு கொடைக்கானலிலும் சில வருஷம் வசித்தார். ஓலைக் கொட்டகைகளில் அவர் இத்தாலிய பாஷையில் பேச, மகன் மாரியோ இங்கிலீஷில் சொல்ல, நம் நாட்டு ஆசிரியைகளும் ஆசிரியர்களும் குறிப்பெடுத்தார்கள். அவருடைய பிரசித்தமான முதல் பள்ளியின் பூர்வகதை அழகானது. 1907 ஜனவரியில் ரோமாபுரியின் ஸான் லோரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பிலே, தாய் தந்தையர் வேலைக்குப் போன பின் சின்னஞ் சிறுவர்கள் புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கியும் படிக்கட்டுகளைப் பாழாக்கியும் வந்ததால், கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் செலவுக்குப் பயந்து, அந்த வானரங்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள அவரை அமர்த்தினார்கள். தர்மம் அன்று, சுண்ணாம்புச் செலவே காரணம்.

அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தையொன்று, மரப்பலகையிலுள்ள குழிகளில் பல அளவு உருளைகளை எடுத்து எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தது. மாண்டிஸோரி மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் ஆடிப்பாடச் சொன்னார், அது நிமிரவில்லை. நாற்காலியோடு அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்; அது பலகையை மடியிலே இடுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் அவ்விதம் செய்து, உறங்கி எழுந்ததுபோல் முகம் மலர்ந்து அது நிமிர்ந்ததை அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். சுவரைக் கிறுக்கிய கூட்டத்தில் சேர்ந்த குழந்தைதான் அதுவும். பொய், பிடுங்கல், முரண்டு, ஓயாத ஓட்டம் ஆகியவற்றையெல்லாம் குழந்தையின் சுபாவமென்று கொள்ளாமல், செய்ய வேண்டிய வேலை கிட்டாத சக்தி வழி தவறிப் போனதென்றே அவர் கொண்டார். அடையாற்றில் இதைக் கேட்டவர்களுக்கு அது நூதனமாகத் தோன்றியிருக்கும். அவர்கள் போய்ச் சேர வேண்டிய முனிசிபல் பள்ளிகளிலே அறுபது பிள்ளைகளுக்கு ஒரு கரும்பலகையும் ஒரு பிரம்பும் இருந்தன, உருளைப் பலகை இல்லை. ஆகவே அவருடைய முறை இந்நாட்டில் பெரும்பாலும் சம்பளம் கட்டக்கூடியவர்களின் குழந்தைகளோடு நின்றுபோயிற்று. எந்தப் பிள்ளைகளுக்காக ரோமாபுரியில் பிறந்ததோ அவர்களுக்கு எட்டவில்லை.

சட்டம் பின்னால் மெள்ள வந்தது. பிள்ளையை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாதென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு விதித்திருக்கிறது. பிரம்பு கையைவிட்டுப் போன இடங்களில் பெயர் மட்டும் இருந்துவிட்டது. முன்பு துஷ்டன் என்றவர்கள் இப்போது வைத்திய நூலிலிருந்து எடுத்த மூன்று நாலு எழுத்துகளைச் சொல்லுகிறார்கள். அவ்வெழுத்துகள் உண்மையான சோதனைக்குப் பின் வந்தால் குழந்தைக்கு நன்மை; ஐந்து நிமிஷத்தில் வந்தால் லங்காஸ்டரின் கழுத்துச் சீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. நம் பள்ளிகளில் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் என்று ஒரு கட்டம் இன்றும் இருக்கிறது. வருஷக் கடைசியில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர், முதல் பெஞ்சுக்காரனுக்கும் கடைசி பெஞ்சுக்காரனுக்கும், கண்ணாடியை உடைத்தவனுக்கும் உடைக்காதவனுக்கும், அந்தக் கட்டத்திலே ‘நன்று’ என்றே எழுதித் தள்ளுகிறார்.